விளக்கைத் தாழ்த்திப் பிடியுங்கள்

சிங்கப்பூரில் அந்தி நீடிப்பதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய தீவு என்பதால் ஆண்டின் எந்த மாதத்திலும் ஏறத்தாழ ஏழு மணிக்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. அடுத்த அரை மணி நேரத்தில் நன்றாக இருட்டிவிடுகிறது. அதே ஏழு மணிக்குத்தான் புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியும் மத்திய நீர்ப்பிடிப்பு இயற்கை வனப்பகுதியும் மக்களுக்கு மூடப்பட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறக்கப்படுகின்றன. ஆனால், இந்தத் தீவின் காடுகளில் எஞ்சியிருக்கும் பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவில்தான் வெளியே வருகின்றன. ஆகவே, இங்கேயே பிறந்து வளர்ந்து வார இறுதிதோறும் காட்டுப் பாதைகளில் ஓடுகிறவர்கள்கூட அவற்றில் பலவற்றை ஒருமுறையேனும் பார்த்திருப்பதில்லை. குரங்கையும் அணிலையும் உடும்பையும் பார்த்துவிட்டு, இந்த நகரத்தில் இவ்வளவுதான் மிச்சம் என்று முடிவு செய்துகொள்கிறார்கள்.

அந்த முடிவு தவறு என்பதை நேரில் காட்டுவதற்கு இன்று இருக்கும் ஒரே நல்ல வழி, விவரம் அறிந்த ஒருவருடைய துணையோடு இரவில் நடப்பதுதான். தொண்டூழியர்கள், இயற்கை ஆர்வலர் சங்கங்கள், கட்டணம் வாங்கும் சிறு நிறுவனங்கள் என்று பலரும் இப்போது இரவு நடைகளை நடத்துகிறார்கள். இதை மண்டாயில் உள்ள நைட் சஃபாரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1994ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அது, உலகின் முதல் இரவு விலங்குத் தோட்டம். அங்கே வளர்க்கப்படும் விலங்குகள் நம் வருகைக்காகத் திட்டமிடப்பட்ட ஒளியில் நமக்குத் தெரிகின்றன. இயற்கைப் பூங்காவின் இரவு நடையில் யாரும் எதையும் வளர்ப்பதில்லை, எதுவும் நமக்காகக் காத்திருப்பதில்லை. இரண்டு மணி நேரம் நடந்துவிட்டுச் சிலந்திகளையும் தவளைகளையும் மட்டும் பார்த்துத் திரும்பும் இரவுகளும் உண்டு. எனக்கு அந்த இரவுகளும் நிறைவாகவே இருந்திருக்கின்றன. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அதிகம் நடந்தது டெய்ரி ஃபார்ம் இயற்கைப் பூங்காவில். ஹில்வியூ எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். பெயருக்கேற்ப அது ஒரு காலத்தில் பால் பண்ணையாகவே இருந்தது. கோல்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 1929ஆம் ஆண்டு இங்கே பண்ணை அமைத்து, ஐரோப்பிய இனப் பசுக்களை இந்த வெப்பத்தில் வளர்த்தது. பண்ணை மூடப்பட்ட பிறகு காடு மெல்லத் திரும்பியது. 2009இல் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டபோது பழைய மாட்டுக் கொட்டகை ஒன்று வாலஸ் கல்வி நிலையமாக மாற்றப்பட்டது. இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854இல் இந்த மலையடிவாரத்தில் தங்கி, இரண்டே மாதங்களில் ஏறக்குறைய 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அப்போது இந்தக் காட்டில் புலிகள் இருந்தன. புலிகள் இன்று இல்லை. வண்டுகள் இருக்கின்றன, அவற்றைத் தின்னும் தவளைகளும், தவளைகளைத் தின்னும் பாம்புகளும் இருக்கின்றன.

இயற்கைப் பூங்கா என்ற ஏற்பாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டெய்ரி ஃபார்ம், வின்சர், தாம்சன், செஸ்ட்நட், ரைஃபிள் ரேஞ்ச் ஆகிய பூங்காக்கள் எல்லாம் இரண்டு மூல வனப்பகுதிகளின் ஓரங்களில் அமைக்கப்பட்டவை. அடுக்குமாடி வீடுகளுக்கும் பழைய காட்டுக்கும் நடுவே அவை ஓர் இடைப்பகுதியாக நிற்கின்றன. நடக்க விரும்பும் கூட்டத்தை அவை தாங்கிக்கொண்டால் உள்காட்டுக்கு நெரிசல் குறையும் என்பது தேசியப் பூங்காக் கழகத்தின் எண்ணம். மனிதர்களுக்காக ஒதுக்கப்பட்ட இந்த ஓரங்களை விலங்குகளும் இரவில் பயன்படுத்துகின்றன. பகலில் நாம் நடந்த தார்ப்பாதையை இரவில் ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் கடப்பதைப் பார்த்தால் இது தெளிவாகப் புரியும்.

நான் விரும்பிச் செல்லும் வழிகாட்டி ஓர் இளம் பெண். பகலில் வேறு வேலை பார்ப்பவர். முன்கூட்டியே அனுமதி வாங்கி, பத்துப் பேருக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்வார். கார் நிறுத்துமிடத்தில் எல்லாரும் கூடியதும் அவர் முதலில் சொல்வது, கைப்பேசித் திரையின் வெளிச்சத்தைக் குறைத்துப் பைக்குள் வைத்துவிடுங்கள் என்பதுதான். அடுத்துக் காலணியைப் பார்ப்பார். செருப்போடு வந்தவரை அழைத்துச் செல்ல மாட்டார். கொசு மருந்து பூசிய கையால் தவளையையோ பல்லியையோ தொடக்கூடாது, தவளை தோலின் வழியாகவே மூச்சுவிடுவதும் நீரை உறிஞ்சுவதுமாக வாழும் உயிர், அந்த மருந்து அதற்கு நஞ்சு என்று விளக்குவார். பிறகு, கொசு மருந்து பூசாத கையாலும் தொடக்கூடாது என்று சேர்த்துச் சொல்வார். இந்த முன்னுரைகள் முடிந்ததும் விளக்கு எதையும் ஏற்றாமல் பாதையின் தொடக்கத்தில் எங்களைச் சிறிது நேரம் நிற்க வைப்பார்.

அந்த நிற்றல்தான் நடையின் மிக முக்கியமான பகுதி என்று நான் நினைக்கிறேன். மனிதக் கண் இருளுக்கு முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் ஆகும். ஒரே ஒரு முறை கைப்பேசியைப் பார்த்தால் அந்தப் பழக்கம் கலைந்து, கண் மறுபடியும் தொடக்கத்திலிருந்து பழக வேண்டியிருக்கும். உலகெங்கும் செயற்கை ஒளியின் பரவலை அளந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஒளி மாசு மிகுந்த நாடு சிங்கப்பூர்தான் என்று கண்டது. இங்கே வாழும் அனைவரும், கண் இருளுக்கு முழுதாகப் பழகவே முடியாத அளவுக்கு வெளிச்சமான வானத்தின் கீழ் வாழ்கிறோம் என்பது அதன் முடிவு. டெய்ரி ஃபார்மில் நின்று மேற்கே பார்த்தால் அடுக்குமாடிகளின் வெளிச்சம் மேகத்தின் அடிப்பகுதியில் பட்டு ஆரஞ்சு நிறத்தில் பரவியிருப்பது தெரியும். அந்த வெளிச்சத்திலேயே பாதையின் வெளிறிய மண்ணும் மரங்களின் உருவமும் மெல்லத் துலங்கத் தொடங்கும். விளக்கின் தேவை எவ்வளவு குறைவு என்பதை யாரும் சொல்லாமலே அங்கே நிற்கும் பத்துப் பேரும் உணர்ந்துகொள்வார்கள். விலங்குகளுக்கு இருள் என்பது வெளிச்சம் இல்லாத நிலை மட்டுமன்று. மரமும் நீரும் அவற்றின் வாழிடத்துக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு இருளும் தேவை. மரங்களை வேலியிட்டுக் காக்கிறோம். இருளைக் காப்பதற்கு இந்த வழிகாட்டியைப் போன்ற சிலரின் பழக்கவழக்கத்தைத் தவிர வேறு பெரிய ஏற்பாடு நம்மிடம் இல்லை.

காதும் அதே நேரத்தில் திறந்துகொள்கிறது. பொழுது சாயும் வேளையில் சில்வண்டுகள் ஒரே குரலில் கத்தித் தீர்த்து ஓய, அந்த இடத்தைத் தவளைகள் பிடித்துக்கொள்கின்றன. பலகையைத் தட்டும் ஓசையில் சீரான இடைவெளிவிட்டு ஒலிப்பது பக்கி என்னும் இரவுப் பறவை. பகலெல்லாம் தரையில் சருகுகளுக்கிடையே சருகாகவே கிடந்துவிட்டு, இருட்டியதும் பூச்சி பிடிக்கக் கிளம்புவது அது. அதன் குரலை ஒலிபரப்பி அருகே வரவழைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. இவர் அதைச் செய்வதில்லை. ஒரு பறவை தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துப் பதறி வருவதை நாம் வேடிக்கை பார்க்க வேண்டியதில்லை என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதுவே.

பிறகுதான் விளக்கு. குழுவுக்கு ஒன்றோ இரண்டோ போதும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால் தரை மட்டும்தான் தெரியும். கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்தால், எதிரே இருக்கும் விலங்கின் கண்ணில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வரும். இரவு விலங்குகள் பலவற்றுக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. முதல்முறை பிடிபடாமல் விழித்திரையைக் கடந்துவிட்ட ஒளி, திரும்பி வரும்போது இரண்டாம் முறை பிடிபடுகிறது. மிச்சம் வெளியே வந்து மின்னுகிறது. அந்த ஏற்பாடு மனிதக் கண்ணில் இல்லை. வழிகாட்டி ஒளியைப் புல்வெளியின் மேல் மெல்ல நகர்த்தும்போது பச்சை நிறத்தில் நூற்றுக்கணக்கான பொட்டுகள் மின்னும். முதல்முறை வருகிறவர்கள் அதைப் பனித்துளி என்றே எண்ணுவார்கள். ஒரு பொட்டை நோக்கி நடந்து, குனிந்து பார்த்தால், அங்கே ஒரு சிலந்தி நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். அத்தனை பொட்டும் சிலந்திகளின் கண்கள் என்று உணரும் நொடியில் குழுவில் ஒரு பேச்சடங்கல் ஏற்படுவதை ஒவ்வொரு நடையிலும் கவனித்திருக்கிறேன். அது அச்சம் அன்று என்றுதான் நினைக்கிறேன். இவ்வளவு உயிர்கள் இருக்கும் இடத்தில் பகலெல்லாம் காலை வீசி நடந்திருக்கிறோமே என்ற எண்ணமாக இருக்கலாம்.

கண்டுபிடித்துவிட்ட விலங்கின் மேல் ஒளியை நிறுத்தி வைக்கக்கூடாது. இதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரே கட்டளை: விளக்கைத் தாழ்த்திப் பிடியுங்கள். விலங்குக்குச் சற்றுக் கீழே, மரத்தண்டின் மேல் ஒளி பட்டால், சிதறும் வெளிச்சத்திலேயே அதன் உருவம் நமக்குத் தெரியும். இரவு நடமாடும் பாலூட்டிகள் பலவற்றின் கண் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை என்பதால், பாலூட்டி என்று தெரிந்ததும் சிவப்பு வடிகட்டியைப் போட்டுவிடுவார். சிவப்பு வெளிச்சத்தில் புகைப்படம் நன்றாக வராது. அதைப் பற்றி யாரேனும் குறைப்பட்டுக்கொண்டால், கண்ணால் பாருங்கள் என்று மட்டும் சொல்வார்.

இந்தக் காட்டில் நான் கண்ட விலங்குகளில் மறக்கவே முடியாதது கொலுகோ. மலாய் மொழியில் குபோங் என்பார்கள். ஆங்கிலத்தில் பறக்கும் லெமூர் என்று ஒரு பெயர் உண்டு, ஆனால் அது பறப்பதுமில்லை, லெமூரும் இல்லை. உலகில் இந்த விலங்கு வரிசையில் இரண்டே இனங்கள்தான் உயிரோடிருக்கின்றன. ஒன்று பிலிப்பீன்ஸில், மற்றொன்று நம் தலைக்கு மேலே. மரபணு ஆய்வுகள், மனிதனும் குரங்கும் அடங்கிய குரங்கினத்துக்கு இன்று மிக நெருங்கிய உறவு கொலுகோதான் என்கின்றன. பகலில் மரத்தண்டை அணைத்தபடி மரப்பட்டையின் பாசி நிறத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கழுத்திலிருந்து விரல் நுனிகள் வரைக்கும், அங்கிருந்து கால் விரல்கள் வரைக்கும், பிறகு வாலின் நுனி வரைக்கும் ஒரே தோல் இழுத்துக் கட்டியிருக்கிறது. சறுக்கிச் செல்லும் பாலூட்டிகளில் இவ்வளவு முழுமையான தோல் விரிப்பு வேறு எதற்கும் இல்லை.

ஒருநாள் இரவு ஒரு தாய்க் கொலுகோ எங்களுக்கு நேர் மேலே, சுமார் மூன்று மாடி உயரத்தில் இருந்தது. அதன் வயிற்றில் குட்டி தொங்கிக்கொண்டிருந்ததை, தோலின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்த இரண்டாவது முகத்தைக் கண்டபோதுதான் தெரிந்துகொண்டோம். வழிகாட்டி உடனே விளக்கை அணைத்துவிட்டார். வானத்தின் மங்கிய வெளிச்சத்தில் அது மரத்தின் உச்சியை நோக்கிக் குதித்துக் குதித்து ஏறுவது நிழலுருவாகத் தெரிந்தது. ஏறுவதில் அது தேர்ந்ததல்ல. அந்தத் தோலே தடையாக இருக்கிறது. உச்சிக்குப் போனதும் தலையை இருபுறமும் அசைத்துத் தொலைவை அளந்தது. பிறகு, கொடியில் உலர்ந்த வேட்டி காற்றில் கழன்று போவதைப் போல, சிறு ஓசையும் இன்றி எங்களைக் கடந்து பாதையின் மறுபக்கத்து மரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே சறுக்கலில் நூறு மீட்டருக்கு மேலும் போகக்கூடிய விலங்கு அது. ஆனால் இடையில் ஒரு பெரிய சாலை வந்து, இரு பக்க மரங்களும் வெட்டப்பட்டுவிட்டால் அந்த ஆற்றலால் பயனில்லை. விளக்கு எரிந்துகொண்டே இருந்திருந்தால் அது குதித்திருக்காது, மரத்தோடு அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கும் என்று வழிகாட்டி பிறகு சொன்னார். ஒளியில் அசையாமல் இருப்பது அதன் தற்காப்பு. நாம் பார்க்க விரும்பிய காட்சி விளக்கை அணைத்ததால்தான் கிடைத்தது.

சிங்கப்பூர் குவாரி என்று அழைக்கப்படும் பழைய கருங்கல் சுரங்கம் இப்போது நீர் நிறைந்த ஈரநிலமாக இருக்கிறது. மழைக்குப் பின் இந்தப் பகுதியில் தேங்கும் நீரோரங்களில் மரத்தவளைகள் கூடுகின்றன. நான்கு கோட்டு மரத்தவளை, நீருக்கு மேலே நீண்ட கிளையிலோ இலையிலோ நுரையைக் கடைந்து அதற்குள் முட்டையிடுகிறது. நுரையின் வெளிப்புறம் காய்ந்து ஓடாகி, உள்ளே ஈரம் காக்கப்படும். தலைப்பிரட்டைகள் பொரிந்து நேராகக் கீழே நீரில் விழும். கூடு எங்கே கட்டப்பட வேண்டும் என்பதில் அந்தச் சிறு தவளைக்கு இருக்கும் கணக்கு எனக்கு வியப்பளிக்கிறது.

இரவு நடை என்றால் இரவு விலங்குகள் மட்டும் என்று நினைத்து வருகிறவர்கள் எதிர்பாராதது, பகல் உயிர்கள் தூங்கும் காட்சி. மெல்லிய செடியின் நுனியில் ஒரு பச்சை ஓணான் உடலை நீட்டிக் கண்ணை மூடிக் கிடக்கும். நுனியில் தூங்குவதற்குக் காரணம், பாம்பு ஏறி வந்தால் அந்தத் தண்டு முதலில் ஆடிக் காட்டிக்கொடுக்கும் என்பதே. சிறு பறவைகள் இறகை உப்பி, தலையை உள்ளே மடித்து, உருண்டையாகக் கிளையில் இருக்கும். இவற்றின் அருகே நாங்கள் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. பகல் பறவை இரவில் விரட்டப்பட்டால் திரும்பி அதே கிளைக்கு வர அதற்குக் கண் தெரியாது. எதிலாவது மோதலாம், அல்லது தரையில் உட்கார்ந்து விடியும் முன் மரநாய்க்கு இரையாகலாம்.

மரநாயைப் பற்றி ஒன்று. இங்கே அதை முசாங் என்பார்கள். அதன் உடலிலிருந்து வரும் வாசம், சோற்றில் மணத்துக்குப் போடும் பாண்டான் இலையின் வாசத்தை ஒத்திருக்கும். சமைத்த சோற்றின் மணம் காட்டுக்குள் திடீரென்று வந்தால் அருகில் முசாங் இருக்கிறது என்று பொருள். ஒருமுறை பேரனோடு வந்திருந்த ஒரு பாட்டி, வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மரக்கிளையில் நகர்ந்த வாலைப் பார்த்துவிட்டு, “ஏய்யா, இது மரநாய்தானே? எங்க ஊர்ல பனையில ஏறி, கலயத்துல இருக்கிற கள்ளைக் குடிச்சிட்டுப் போயிரும்” என்றார். தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர். பேரன் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் வழிகாட்டி மகிழ்ந்துபோனார். ஆங்கிலத்திலும் அதற்குக் கள் பூனை என்று பொருள்படும் பெயர் உண்டு என்றார். அன்று மீதி நடையில் பாட்டிதான் பாதி வழிகாட்டி. “பாட்டி, மெதுவாப் பேசுங்க” என்று பேரன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தான். மரநாய் பழங்களைத் தின்று விதைகளைத் தொலைவில் எச்சத்தோடு விட்டுச் செல்வதால், காடு திரும்பி முளைப்பதில் அதற்கு ஒரு பங்கு இருக்கிறது. இங்கே முன்பிருந்த கம்பங்களின், அதாவது சிற்றூர்களின், டுரியான் மரங்கள் காட்டோடு காடாக இன்னும் நிற்கின்றன. டுரியான் பூ மாலையில் மலர்ந்து, இரவில் தேன் உண்ணும் வௌவாலால் மகரந்தச் சேர்க்கை பெறுகிறது. சந்தையில் நாம் விலை பேசி வாங்கும் பழத்துக்குப் பின்னால் அந்த வௌவாலின் இரவு வேலை இருக்கிறது.

தேளைப் புற ஊதா விளக்கில் காட்டுவது எல்லா நடைகளிலும் குழந்தைகளுக்குப் பிடித்த பகுதி. கருந்தேள் நீலப் பச்சையாக ஒளிரும். தோலுரித்த புதிதில் மட்டும் ஒளிராது. சில வினாடிகள் காட்டிவிட்டு அணைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். பாம்புகளில் வாக்லர் குழி விரியன் பார்க்கத்தக்கது. பெண் விரியன் ஒரே கிளையில் பல நாட்கள் அசையாமல் இரைக்காகக் காத்திருக்கும். ஆகவே ஒருமுறை கண்ட இடத்தில் மறுபடியும் காணலாம். இந்தப் பொறுமையே அதற்குத் தீங்காகவும் முடிகிறது. அடையாளம் சொல்லப்பட்ட கிளைக்கு இரவுதோறும் புகைப்படக்காரர்கள் வந்து, இலைகளை ஒடித்து, கிளையை வளைத்துப் படமெடுத்துப் போனதற்கான தடயங்களைப் பார்த்திருக்கிறேன்.

எறும்புத்தின்னியை நான் இன்னும் பார்க்கவில்லை. அழுங்கு என்று தமிழ்நாட்டில் சொல்லும் விலங்கின் நெருங்கிய உறவான சுண்டா எறும்புத்தின்னி, மிக அருகிய நிலையில் உள்ள உயிரினம். இந்தத் தீவின் காடுகளில் இன்றும் வாழ்கிறது. 1986ஆம் ஆண்டு முதல் புக்கிட் தீமா விரைவுச்சாலை இரண்டு வனப்பகுதிகளையும் பிரித்து ஓடுகிறது. 1994 முதல் 2014 வரை அந்தச் சாலையில் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு எறும்புத்தின்னிகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன. 2013இல் சாலையின் மேலே 62 மீட்டர் நீளத்துக்கு, மண் நிரப்பி மரம் நட்ட ஈக்கோ-லிங்க் பாலம் கட்டி முடிக்கப்பட்டது. மனிதர்கள் அதில் நடக்க அனுமதி இல்லை. அதன் கேமராக்களில் எறும்புத்தின்னி பதிவாகியிருக்கிறது. அச்சம் வந்தால் சுருண்டு பந்தாகிவிடுவது சிறுத்தையிடமிருந்து காப்பாற்றலாம், லாரியிடமிருந்து காப்பாற்றாது; மனிதக் கையிலிருந்தும் காப்பாற்றாது. 2019 ஏப்ரலில் ஒரே வாரத்துக்குள் சிங்கப்பூர்த் துறைமுகத்தின் வழியாகக் கடத்தப்பட்ட எறும்புத்தின்னிச் செதில்கள் இரண்டு முறை பிடிபட்டன, முதலில் 12.9 டன், பிறகு 12.7 டன். அவை ஆப்பிரிக்காவிலிருந்து வேறு நாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவை. ஆனாலும் அந்த எண்களைப் படித்த பிறகு, டெய்ரி ஃபார்மில் கறையான் புற்றைக் கிளறிய நகத்தடத்தை வழிகாட்டி காட்டும்போது, விலங்கைப் பார்க்காததில் எனக்கு வருத்தம் தோன்றுவதில்லை. அது நாங்கள் வருவதை முன்பே உணர்ந்து விலகிப் போயிருந்தால் நல்லது.

வழிகாட்டி எங்களை அழைத்துச் செல்லாத இடங்களும் உண்டு. சிங்கப்பூர் நன்னீர் நண்டு 1986இல்தான் அறிவியலில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. புக்கிட் தீமா, புக்கிட் பாத்தோக் வட்டாரத்தின் சில ஓடைகளைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. இரவில்தான் வெளியே வரும். விரலளவே உள்ள அந்த நண்டைப் பார்க்க ஓடைக்குள் இறங்க வேண்டும். இறங்கினால் கல் புரளும், நீர் கலங்கும். ஆகவே அதைப் பற்றிப் பாதையில் நின்றே பேசுகிறோம். தேவாங்கைப் பற்றியும் அப்படியே. முழங்கைக்கு அருகிலுள்ள சுரப்பியின் நீரை எச்சிலோடு கலந்து நஞ்சாக்கிக் கடிக்கும் சுண்டா தேவாங்கு இங்கே மிக அரிது. அதைக் கண்டவர்கள் இடத்தைச் சொல்வதில்லை. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் 2022இல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயத்துக்கும் வருங்காலத்தில் இரவு நடை கேட்டு மக்கள் வரக்கூடும். அங்குள்ள தேவாங்கு வேறு இனம், ஆனால் அதன் கண்ணும் இதே பெரிய கண்தான், இதே ஒளியில்தான் அதுவும் கூசும். அப்படி ஏற்பாடு வருமானால், முதலில் யார் எவ்வளவு வெளிச்சத்தோடு உள்ளே போகலாம் என்பதை எழுதி வைத்துவிட்டு மற்றதைத் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இரவு நடைகளுக்கு இப்போது கூட்டம் பெருகியிருக்கிறது. அதை நான் வரவேற்கிறேன். ஒருமுறை கொலுகோவைப் பார்த்த குழந்தை, காட்டை ஊடறுத்துச் சாலை போடும் பேச்சு வரும்போது வேறு விதமாகக் கேள்வி கேட்கும். ஆனால் ஒரே பாதையில் ஒரே இரவில் மூன்று நான்கு குழுக்கள், ஆளுக்கொரு தலைவிளக்கோடு, ஒன்றன்பின் ஒன்றாகப் போவதையும் பார்த்துவிட்டேன். காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பதைத் தடை செய்யும் சட்டம் இங்கே இருக்கிறது. 2020இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. விளக்கின் அளவுக்கும் குழுவின் எண்ணிக்கைக்கும் அதைப் போன்ற தெளிவான வரையறை வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். ஒரு பாதைக்கு ஓர் இரவில் ஒரு குழு, குழுவுக்கு இரண்டு விளக்கு, வாரத்தில் சில இரவுகள் யாருக்கும் அனுமதி இல்லை என்று வைத்தால் கட்டண நடை நடத்துகிறவர்களுக்கு வருமானம் குறையும், அதை மறுக்கவில்லை. அவர்கள் பிழைப்பு நடத்துவது எதைக் காட்டி என்பதையும் அவர்களே நன்றாக அறிவார்கள்.

என்னிடம் எந்த நடைக்குப் போகலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பணம் கட்டும் முன் எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை விளக்குகள், பறவைக் குரலை ஒலிபரப்புவீர்களா, பாம்பைக் கையில் எடுத்துக் காட்டுவீர்களா என்று கேளுங்கள். இன்ன விலங்கைக் கட்டாயம் காட்டுவோம் என்று விளம்பரம் செய்கிறவரிடம் அதை எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றும் கேளுங்கள். காட்டில் அப்படி உறுதி கொடுக்க வேண்டுமானால் விலங்கின் இருப்பிடம் முன்பே குறித்து வைக்கப்பட்டு, இரவுதோறும் அங்கே ஆட்கள் அழைத்துவரப்பட வேண்டும். நீளமான கால்சட்டையும் மூடிய காலணியும் அணிந்து, ஒரு குப்பி நீர் எடுத்துக்கொண்டு போங்கள். தலைவிளக்கு இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வழிகாட்டியிடம் இருப்பது போதும்.